புத்தகமும் படமும் ஒரே மேசையில்: ஒப்பீட்டுக் கட்டுரை எழுதும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் அடிப்படை ஏற்கெனவே தெரியும். பகலில் பிரசங்கி உட்கார்ந்து பாரதம் சொல்வார். இரவில் அதே கதையைக் கூத்தாக ஆடுவார்கள். பகலில் கொஞ்ச நேரத்தில் சொல்லி முடித்த துகிலுரிதல், ராத்திரியில் விடியும்வரை நடக்கும். பகல் கதையில் இல்லாத கட்டியங்காரன் மேடைக்கு வந்து துரியோதன மகாராஜாவையே கிண்டல் செய்வான். 'கூத்துக்காரர்கள் பாரதத்தைக் கெடுத்துவிட்டார்கள்' என்று ஊரில் யாரும் சண்டைக்குப் போவதில்லை. சொல்கிற கதை வேறு, ஆடிக்காட்டுகிற கதை வேறு என்பது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியும்.

கல்லூரியில் 'நாவலும் திரைப்படமும்' என்று ஓர் அசைன்மென்ட் வந்தவுடன் அந்தத் தெளிவு காணாமல் போகிறது. நாவலின் கதை மூன்று பக்கம், படத்தின் கதை மூன்று பக்கம், வேறுபாடுகள் பன்னிரண்டு, கடைசியில் 'இருப்பினும் நாவலே சிறந்தது' என்று ஒரு வரி. வருடாவருடம் திருத்துகிறவர் கைக்கு வருவது பெரும்பாலும் இதுதான். இதில் உழைப்பு இருக்கும், வாதம் இருக்காது. மதிப்பெண் குறைவதும் அங்கேதான்.

இந்த வழிகாட்டி சுமார் 1500 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டிய இளங்கலை மாணவருக்கானது. தமிழ்த் துறை, ஆங்கிலத் துறை இரண்டுக்கும் முறை ஒன்றுதான். மேற்கோள் போடும் விதம் மட்டும் மாறும்.

எந்த ஜோடியை எடுப்பது

பிடித்த படத்தை எடுக்காதீர்கள். கையில் புத்தகம் கிடைக்கிற படத்தை எடுங்கள். மாவட்ட மைய நூலகத்திலும் கல்லூரி நூலகத்திலும் முதலில் புத்தகத்தைத் தேடி, அது கையில் வந்த பிறகு தலைப்பைப் பதிவு செய்யுங்கள். படம் ஓடிடியில் எப்படியும் கிடைத்துவிடும், மாட்டிக்கொள்வது புத்தகத்தில்தான். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்கள் என்றால் கவலை குறைவு. புதுமைப்பித்தன், கல்கி போன்றோரின் எழுத்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் இணையப் பிரதியில் பக்க எண் ஒழுங்காக இருக்காது, ஆகவே மேற்கோளுக்கு அச்சுப் பிரதியும் வேண்டும்.

இரண்டாவது கணக்கு, நீளம். பத்து நாளில் கட்டுரை கொடுக்க வேண்டும் என்றால் 'பொன்னியின் செல்வன்' வேண்டாம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது, ஐந்து பாகம். அதை முழுவதும் எழுதப் போனால் வெறும் கதைச்சுருக்கமே 1500 சொல்லைத் தின்றுவிடும். அதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், முதல் அத்தியாயத்தை மட்டும் எடுங்கள். நாவல் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், புதுவெள்ளத்திலும் பெண்களின் கும்மாளத்திலும் தொடங்குகிறது. 2022-இல் வந்த படமோ போர்க்களத்தில் தொடங்குகிறது. ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்குக் கூட்டத்தைப் பார்த்த ஒருவருக்கு, ஒரு நாட்டின் கதையை நீரிலிருந்து தொடங்குவதற்கும் ரத்தத்திலிருந்து தொடங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதத் தனிப் பயிற்சி தேவையில்லை. அந்த ஒரே வித்தியாசத்தில் ஒரு முழுக் கட்டுரை இருக்கிறது.

சுலபமாகக் கையாளக்கூடிய ஜோடிகள் மூன்று. பூமணியின் 'வெக்கை' (1982), வெற்றிமாறனின் 'அசுரன்' (2019). புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை', மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979). ஆங்கிலத் துறைக்கு ஆர்.கே. நாராயணின் 'தி கைடு' (1958), விஜய் ஆனந்த் இயக்கிய இந்திப் படம் 'கைடு' (1965). மூன்றிலும் புத்தகம் சிறியது அல்லது நடுத்தரம், மாற்றங்கள் பெரியவை. கட்டுரைக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட ஜோடிதான். நாவலை அப்படியே வரி வரியாகப் படமாக்கியிருந்தால் எழுத ஒன்றும் அகப்படாது.

சிறுகதையிலிருந்து வந்த படங்கள் வேறு ரகம். நாவல் படமாகும்போது பெரும்பாலும் வெட்டு நடக்கும், சிறுகதையில் சேர்ப்பு நடக்கும். ஜெயமோகனின் 'துணைவன்' என்ற சிறுகதை 'விடுதலை' என்று இரண்டு பாகப் படமாக விரிந்தது. அரூர் பக்கத்து மாணவர்கள் இதை எடுக்க ஆசைப்படுவது இயல்பு. படத்தில் காவல் நிலையத்தில் பெண்கள் வதைக்கப்படும் காட்சியைப் பார்க்கும்போது 1992 ஜூன் 20 அன்று அரூரை அடுத்த வாச்சாத்தி மலைக் கிராமத்தில் அரசு அதிகாரிகள் பெண்கள் மீது நடத்திய வன்கொடுமை நினைவுக்கு வராமல் இருக்காது. எழுதலாம், தவறில்லை. ஆனால் படம் அந்த ஊரின் பெயரைச் சொல்லவில்லை. 'இது வாச்சாத்திக் கதைதான்' என்று ஒரே வரியில் அடித்துச் சொல்லாமல், சிறுகதை, படம், நீதிமன்றத் தீர்ப்பில் பதிவான நிகழ்வு என்று மூன்றையும் தனித்தனி அடுக்காக வையுங்கள். சிறுகதையில் இல்லாத எதைப் படம் வெளியுலகத்திலிருந்து எடுத்துவந்தது என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கட்டுரை நான்காவது பத்தியில் வரலாற்றுப் பாடமாக மாறிவிடும், சினிமா வெளியே நின்றுகொண்டிருக்கும்.

முதலில் புத்தகம்

படத்தை முதலில் பார்த்துவிட்டுப் படித்தால், படிக்கும்போது நடிகர்களின் முகமே வரும். நாவலில் இல்லாத வசனத்தை நாவலில் படித்ததாகவே மனம் சத்தியம் செய்யும். 'அசுரன்' கட்டுரைகளில் இந்தப் பிழை நிறைய. அப்பனுக்குச் சிவசாமி என்று பெயர் வைத்தது படம். அதையும், காடு இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பைப் பிடுங்க முடியாது என்ற கடைசிப் பேச்சையும் நாவலின் கணக்கில் எழுதிவிடுவார்கள். திருத்துகிறவர் நாவலைப் படித்தவர் என்றால், அந்த ஒரு வரியிலேயே நீங்கள் படிக்கவில்லை என்பது தெரிந்துவிடும். படத்தை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்றால், வேறு வழியில்லை, படிக்கும்போது சந்தேகம் வரும் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்க எண்ணைக் குறியுங்கள். பக்கம் கிடைக்காத வசனம் படத்தினுடையது.

ஒரு நோட்டை வாங்கி, விரித்தால் கிடைக்கும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் நாவலின் பக்க எண். இரண்டாவதில் அங்கே என்ன நடக்கிறது, யார் கண்வழியாகத் தெரிகிறது. மூன்றாவதில் படத்தில் அதே இடம் வரும் நேரம், மணி:நிமிடம்:நொடி. நான்காவது பத்தியை முதல் வாசிப்பில் தொடவே வேண்டாம். அது 'மாறியதால் என்ன ஆகிறது' என்பதற்கு. கட்டுரை உண்மையில் இந்த நான்காவது பத்தியிலிருந்துதான் வரும், மற்ற மூன்றும் அதற்குச் சாட்சி.

படத்தை மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை பேனா இல்லாமல், நிறுத்தாமல். இரண்டாவது முறை காட்சிப் பட்டியல்: ஒவ்வொரு காட்சி தொடங்கும் நேரத்தையும் ஒரே வரியில் அது என்ன என்பதையும் எழுதுங்கள். இரண்டே கால் மணி நேரப் படத்துக்கு நிறுத்தி நிறுத்தி எழுத ஐந்து மணி நேரம் ஆகும். அலுப்புதான், ஆனால் இதைத் தாண்டினால் கட்டுரை பாதி முடிந்த மாதிரி. மூன்றாவது முறை, தேர்ந்தெடுத்த மூன்று நான்கு காட்சிகளை மட்டும். ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒருமுறை திரையைப் பார்க்காமல் கேளுங்கள். சத்தம் இல்லாதபோது கேமரா எங்கே நிற்கிறது, யாருக்கு க்ளோசப், யாருடைய முதுகு மட்டும் தெரிகிறது என்பதெல்லாம் கண்ணில் படும். திரை இல்லாதபோது எந்த இடத்தில் பின்னணி இசை நின்று காற்றுச் சத்தம் மட்டும் வருகிறது என்பது காதில் விழும். கதையிலேயே மூழ்கியிருக்கும்போது இவை எதுவும் தெரியாது.

டிவியில் போட்ட பிரதியை வைத்து எழுதாதீர்கள். விளம்பரத்துக்காக வெட்டியிருப்பார்கள், வசனத்தை ஊமையாக்கியிருப்பார்கள். 'அந்தக் காட்சி படத்தில் இல்லை' என்று நீங்கள் எழுதியது, டிவியில் இல்லை என்பதாக முடியும். யூடியூபில் 'பத்து நிமிடத்தில் முழுக் கதை' என்று வரும் வீடியோக்களும் இதற்கு உதவாது. அவை கதையைச் சொல்லும், காட்சியைச் சொல்லாது.

மாற்றம் வேறு, கேள்வி வேறு

நோட்டு நிரம்பியதும் முப்பது நாற்பது மாற்றங்கள் கையில் இருக்கும். எல்லாவற்றையும் எழுதும் ஆசை இங்கேதான் வரும். அதை அடக்க ஒரு சல்லடை வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் இப்படிக் கேளுங்கள்: இந்த ஒன்றை மட்டும் நாவலில் இருந்தபடியே வைத்திருந்தால், படத்தின் மற்ற காட்சிகள் அப்படியே நிற்குமா? நிற்கும் என்றால் அது சில்லறை மாற்றம். கதாநாயகன் சட்டை நிறம், வீட்டில் மாடு இருந்தது இல்லாதது, தெருவின் பெயர் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கு. நிற்காது, மற்றதும் சேர்ந்து சரியும் என்றால் அதுதான் தூண். அதை உருவிப் பாருங்கள், கட்டுரை கிடைக்கும்.

'வெக்கை' தொடக்கத்திலேயே கொலை நடந்துவிடுகிறது. அண்ணனைக் கொன்றவனைச் சிறுவன் சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடுகிறான். பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் நாட்கள்தான் நாவல். நாம் சிதம்பரத்தின் கூடவே இருக்கிறோம், அவனுக்குப் பசித்தால் நமக்கும் பசிக்கிறது. படம் இதே ஓட்டத்தை வைத்துக்கொண்டு, நடுவில் அப்பனின் இளமைக் காலத்தை ஒரு நீண்ட ஃப்ளாஷ்பேக்காகப் புகுத்துகிறது. செருப்புப் போட்டதற்காக ஒரு பெண் அடிபடுவது, பஞ்சமி நிலம் (ஆங்கிலேயர் காலத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட நிலம்), எரியும் குடிசைகள் எல்லாம் அங்கே வருகின்றன. ஃப்ளாஷ்பேக்கை எடுத்துவிட்டுப் படத்தை யோசித்துப் பாருங்கள். முதல் பாதியில் சிவசாமி அடிவாங்கிக்கொண்டு கும்பிடுவதற்கு அர்த்தமே இருக்காது, கோழையாகத்தான் தெரிவார். கடைசியில் மகனிடம் படிக்கச் சொல்வதற்கும் கனம் இருக்காது. ஆகவே இது தூண். நாவலில் மகனின் கதையாக இருந்தது, படத்தில் அப்பனின் கதையாகத் திரும்பியிருக்கிறது. மற்ற மாற்றங்களில் பாதி இதன் குட்டிகள்.

ஏன் மாறியது என்பதற்குக் காரணம் தேடும்போது ஐந்தாறு பக்கம் பாருங்கள்: ஊடகத்தின் இயல்பு, நேரம், நட்சத்திரம், தணிக்கை, காலம், சந்தை. ஒரு மனதுக்குள் ஓடும் நினைவை எழுத்து சாதாரணமாகச் சொல்லிவிடும். திரைக்கு அதை முகமாகவோ பேச்சாகவோ ஃப்ளாஷ்பேக்காகவோ மாற்றியே ஆக வேண்டும். பெரிய நடிகர் அப்பன் வேடத்தில் இருக்கும்போது கதை அவர் பக்கம் சாய்வதும் ஒரு காரணம்தான், அதை எழுதுவதில் கூச்சம் தேவையில்லை. 1965-இல் வந்த 'கைடு' படத்தில் ரோஸியின் கணவன் மார்கோ பெண்பித்தனாகக் காட்டப்படுகிறான். நாவலில் அவன் குகைச் சிற்பங்களில் தலையை விட்டுக்கொண்டு மனைவியை ஏறெடுத்துப் பார்க்காத, உணர்ச்சி வற்றிய ஆராய்ச்சியாளன். கல்யாணமான பெண் இன்னொருவனிடம் போவதை அன்றைய பார்வையாளர் ஏற்க வேண்டுமானால் கணவனைக் கெட்டவனாக்குவது வசதி. ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு: நாவலின் ரோஸி தன் ஆசையால் போகிறாள், படத்தின் ரோஸி விரட்டப்பட்டுப் போகிறாள். காரணத்தோடு நிறுத்தாமல் இந்த விலையையும் எழுதினால்தான் பத்தி முழுமையாகும்.

காரணம் எழுதும்போது ஒரு பள்ளம் உண்டு. 'இயக்குநர் இப்படி நினைத்தார்' என்று அவர் மனதுக்குள் புகுந்து எழுதுவது. அவர் பேட்டியில் சொல்லியிருந்தால், எந்தப் பேட்டி, எந்தத் தேதி என்று காட்டி எழுதலாம். இல்லாவிட்டால் எழுவாயை மாற்றுங்கள். 'இயக்குநர் விரும்பினார்' என்பதற்குப் பதில் 'படம் காட்டுகிறது', 'இந்தக் காட்சி நம்மை இவன் பக்கம் நிறுத்துகிறது'. கையில் சான்று உள்ள இடத்தில் நிற்பீர்கள்.

மைய வாதம்

கட்டுரையின் மைய வாதம் இரண்டு, அதிகபட்சம் மூன்று வாக்கியம். முன்னுரையின் கடைசியில் வர வேண்டும். அதில் மூன்று பொருள் இருக்க வேண்டும்: எது மாறியது, அதனால் அர்த்தம் எங்கே நகர்ந்தது, அந்த நகர்வில் எது போனது.

தோற்கும் வாதம் இப்படி இருக்கும்: 'வெக்கை நாவலை வெற்றிமாறன் சிறப்பாகப் படமாக்கியுள்ளார், எனினும் சில மாற்றங்களைச் செய்துள்ளார்.' இதை மறுத்துப் பேச யாருக்கும் எதுவும் இல்லை. மறுக்க முடியாத வாக்கியம் வாதமே ஆகாது.

நிற்கும் வாதம்: 'பழிவாங்கிய சிறுவனின் ஓட்டமாக இருக்கும் வெக்கையை, அசுரன் பழியை அடக்கக் கற்ற அப்பனின் கதையாகத் திருப்புகிறது. இதற்காகச் சேர்க்கப்பட்ட ஃப்ளாஷ்பேக் ஒரு குடும்பத்தின் பகையை ஒரு சமூகத்தின் வரலாறாக விரிக்கிறது. ஆனால் நாவலில் மூன்றாவது மனிதனைப் போலக் கூடவே வரும் காடு, படத்தில் வெறும் ஒளிந்துகொள்ளும் இடமாகச் சுருங்கிவிடுகிறது.' இதற்கு ஒருவர் எதிர்ப்பேச்சு பேசலாம். பேச முடிவதால்தான் இது வாதம். இதை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள், திருத்துகிறவரும் இதைப் படித்திருப்பார்.

'உதிரிப்பூக்கள்' எடுப்பவர்கள் தலைப்பிலிருந்தே தொடங்கலாம். புத்தகத்தின் பெயர் சிற்றன்னையைக் காட்டுகிறது. படமோ கண்ணை அப்பன் சுந்தரவடிவேலு மேல் திருப்பி, கடைசியில் ஊரே சேர்ந்து அவனை ஆற்றுக்குள் இறக்கும்வரை விடுவதில்லை. குற்றத்தின் பாரம் ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறிய கதை அது. இங்கே நாவலிலிருந்து படம் எடுத்துக்கொண்டது மிகக் கொஞ்சம். ஆகவே 'எவ்வளவு விசுவாசம்' என்று அளக்கப் போனால் கட்டுரை பாதியிலேயே படுத்துவிடும்.

ஒரு பத்தியைக் கட்டுவது

1500 சொல்லில் முன்னுரை 150, பின்னணி 150, உடற்பத்திகள் மூன்றோ நான்கோ சேர்த்து 1000, முடிவு 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் கைவசம் இருக்கட்டும், எங்காவது தேவைப்படும். கதைச்சுருக்கம் பின்னணிக்குள் அடங்க வேண்டும், இரண்டு கதைக்கும் சேர்த்து எண்பது சொல் போதும். படிப்பவருக்குக் கதை தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாதி முழுக்க நாவல், மீதி முழுக்கப் படம் என்று பிரிக்காதீர்கள். ஒவ்வொரு பத்தியிலும் இரண்டும் இருக்க வேண்டும். ஒரு பத்தியின் நடை இப்படிப் போகும்: கருத்து, நாவலிலிருந்து சான்று, படத்திலிருந்து சான்று, வித்தியாசத்தின் விளைவு. 'கைடு' முடிவை (வேலன் போன்ற ஊரார் சாமியார் என்று நம்பிவிட்ட ராஜு, மழைக்காக உண்ணாவிரதம் இருக்கும் இடம்) வைத்து ஒரு மாதிரி:

'மழை வந்ததா என்ற கேள்வியை நாவல் திறந்தே விடுகிறது. தண்ணீரில் நிற்கும் ராஜு, மலையில் மழை பெய்வதாக வேலனிடம் சொல்கிறான். அவன் காலில் உணர்கிறான், அவ்வளவுதான். பிறகு உடல் சாய்கிறது. அது மழையா, பட்டினியில் கிறங்கியவனின் பிரமையா என்று கதைசொல்லி நமக்குச் சொல்வதில்லை. படத்தில் மழை திரையில் கொட்டுகிறது, கூட்டம் கொண்டாடுகிறது, ராஜு இறக்கிறான். நாவலில் ஒருவனின் காலுக்கு மட்டும் தெரிந்தது, படத்தில் ஊரே நனையும் உண்மையாகிறது. போலிச்சாமியார் நிஜச்சாமியார் ஆனானா என்ற நாராயணின் குறும்பான சந்தேகத்துக்கு இதன்பிறகு இடமில்லை. எனினும் படம் சந்தேகத்தை முழுதும் துடைத்துவிடவில்லை. இறுதிக்கு முன் இரண்டு ராஜுக்கள் எதிரெதிரே நின்று வாதிடும் காட்சியில் அது வேறு உருவில் திரும்பி வருகிறது.'

கடைசி இரண்டு வாக்கியத்தைக் கவனியுங்கள். தன் வாதத்துக்கு எதிரான சான்றை எழுதுபவரே எடுத்து வைக்கிறார். மொத்தக் கட்டுரையில் இது ஓர் இடத்திலாவது இருக்க வேண்டும். மறைத்தால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் அதையே கேட்பார்.

படத்தின் சான்று வசனமாக மட்டும் இருக்கக் கூடாது என்பதையும் கவனியுங்கள். வசனத்தை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் நீங்கள் படத்தைப் பார்க்கவில்லை, கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு பத்தியிலும் ஷாட், வெளிச்சம், ஒலி, வெட்டு இவற்றில் ஒன்றாவது சான்றாக வரட்டும். ஆனால் 'ஒளிப்பதிவு அருமை' என்பது சான்று இல்லை. 'லாங் ஷாட்டில் அப்பனும் மகனும் பொட்டாகத் தெரிகிறார்கள், நிலம்தான் திரையை நிறைக்கிறது' என்பது சான்று.

கோட்பாடு எவ்வளவு

கொஞ்சம் போதும். ஆங்கிலத் துறையில் லிண்டா ஹட்சியனின் பெயரை எதிர்பார்ப்பார்கள். தழுவல் பற்றிய அவருடைய புத்தகம் 2006-இல் வந்தது. சொல்லுதல், காட்டுதல், பங்கேற்றல் என்று கதையோடு நமக்குள்ள உறவை மூன்றாகப் பிரிக்கிறார். பிரசங்கியும் கூத்தும் என்று தொடக்கத்தில் பார்த்ததில் முதல் இரண்டும் அடங்கிவிடும். படுகளத்தன்று (துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் நாள்) ஊரே துரியோதனனைச் சுற்றி நிற்பது மூன்றாவதற்குப் பக்கத்தில் வரும் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் ஹட்சியன் அந்த மூன்றாவதில் முக்கியமாகப் பேசுவது வீடியோ கேம் போன்றவற்றை. நாவல், திரைப்படத் தழுவலை ஆராய்ந்த பிரையன் மக்ஃபார்லேன் (1996) சொல்வது நடைமுறைக்கு இன்னும் உதவும்: நாவலிலிருந்து நேரே திரைக்கு எடுத்துச் செல்லக்கூடியவை சில, வேறு வழி கண்டுபிடித்தே தீர வேண்டியவை சில. கொலை, பயணம், கல்யாணம் போன்ற நிகழ்ச்சிகள் முதல் வகை. கதைசொல்லியின் குரல், கிண்டல், நினைவு எல்லாம் இரண்டாம் வகை. உங்கள் நோட்டிலுள்ள மாற்றங்களை இந்த இரண்டு கூடையில் போட்டுப் பாருங்கள், இரண்டாவது கூடையில்தான் நல்ல விஷயம் கிடக்கும்.

ஒரு கோட்பாட்டாளரை எடுத்தால், அவர் கருத்து வாதத்துக்குள் வேலை செய்ய வேண்டும். முன்னுரையில் ஐந்து பெயரைக் கொட்டிவிட்டு அப்புறம் ஒருவரையும் திரும்பிப் பார்க்காத கட்டுரை, கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டுவிட்டுப் பந்தியில் கவனிக்காத மாதிரி.

மேற்கோளும் நேரக்குறிப்பும்

ஆங்கிலத் துறையில் பெரும்பாலும் எம்.எல்.ஏ. முறை கேட்பார்கள். (சட்டமன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வகுத்த முறை, 2021-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு.) நாவலுக்கு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் அடைப்புக்குறிக்குள். படத்துக்குப் படத்தின் பெயரும் நேரமும், 01:12:40–01:13:25 என்ற வடிவத்தில். படத்துக்குப் பக்கம் இல்லை என்று சான்றே காட்டாமல் விடுவது மிகப் பரவலான தவறு. நேரம் தளத்துக்குத் தளம் சில நொடிகள் மாறும், ஆகவே எந்தத் தளத்தில் பார்த்தீர்கள் என்பதும் நூற்பட்டியலில் வரட்டும். தமிழ்த் துறையில் அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும் கேட்பார்கள். அந்தத் துறையின் பழைய கட்டுரை ஒன்றை வாங்கிப் பார்த்து அதே முறையைப் பின்பற்றுவது நல்லது, துறைக்குத் துறை வழக்கம் மாறும்.

ஆங்கிலத்தில் தமிழ்ப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சப்டைட்டிலை மேற்கோளாகப் போடுவார்கள். சப்டைட்டில் வசனத்தின் சுருக்கம், வட்டார வழக்கெல்லாம் அதில் சப்பென்று போயிருக்கும். வசனத்தைக் காதால் கேட்டு எழுதி, நீங்களே மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று ஒரே ஒருமுறை குறிப்பிடுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்த மாணவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. ஒரு சொல் இன்னொரு மொழிக்குப் போகும்போது எது உதிர்கிறது என்பது அவர்களுக்குத் தினசரி அனுபவம்.

திருப்பிப் பார்க்கும்போது

எழுதி முடித்து ஒரு நாள் மூடி வையுங்கள். பிறகு இந்த இடங்களை மட்டும் தேடுங்கள். நடிகர் பெயரும் பாத்திரத்தின் பெயரும் கலந்திருக்கிறதா? 'தனுஷ் ஊரைவிட்டு ஓடுகிறார்' என்று இருந்தால் 'சிவசாமி ஓடுகிறான்' என்று மாற்றுங்கள். காலம் குதிக்கிறதா? கதை நிகழ்ச்சிகள் முழுக்க நிகழ்காலத்திலேயே இருக்கட்டும். 'ஆசிரியர்' என்று ஒரே சொல்லால் எழுத்தாளரையும் இயக்குநரையும் குறித்திருக்கிறீர்களா? 'அருமை', 'சிறப்பு', 'தத்ரூபம்' எத்தனை முறை வருகிறது? ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு வாக்கியம் நிற்கிறதா பாருங்கள். நிற்கவில்லை என்றால் அந்த வாக்கியத்தில் வேறெதுவும் இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதிப் படியுங்கள். அது ஒரு வாதமாகப் படித்தால் சரி. 'அடுத்து, இன்னொரு வேறுபாடு என்னவென்றால்' என்று இருந்தால் அது இன்னும் பட்டியல்தான். பத்திகளை இடம் மாற்றிப் போட்டாலும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றாலும் அதே நோய். மைய வாதத்துக்குப் போய், இந்தப் பத்தி அதன் எந்தப் பகுதியைத் தூக்கிப் பிடிக்கிறது என்று பாருங்கள். எதையும் பிடிக்காத பத்தியை, எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருந்தாலும், வெட்டுங்கள்.

முடிவுரையில் முன்னுரையைத் திருப்பி எழுதுவதைவிட, நாவலையும் படத்தையும் சேர்த்துப் பார்த்ததால் மட்டும் தெரியவரும் ஒன்றைச் சொல்லலாம். 'வெக்கை'யின் காட்டை 'அசுரன்' பின்னுக்குத் தள்ளியது தெரிந்த பிறகு, நாவலுக்குத் திரும்பிப் போனால் அந்தக் காடு முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்பது போல.

கையெழுத்தில் கொடுப்பதானால் கோடில்லாத ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும், இடது ஓரம் பைண்டிங்குக்கு ஒன்றரை அங்குலம். தட்டச்சு என்றால் யூனிகோட் எழுத்துருவிலேயே அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு ஜெராக்ஸ் கடைக் கணினியில் திறக்கும்போது பூச்சி பூச்சியாக வரும், கடைசி நாள் மாலை நாலு மணிக்கு அதைச் சரிசெய்ய முடியாது. பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துப் போங்கள். அந்த நான்கு பத்தி நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வைவாவுக்கு அதையும் கையில் கொண்டுபோனால், 'அந்தக் காட்சி எங்கே வருகிறது?' என்ற கேள்விக்கு நேரத்தோடு பதில் சொல்லலாம்.